வின்ட்சரும் ரன்னிமீடும் ஒரே நாளில்: பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து அம்மா, அப்பா, அத்தை, மாமா என்று யார் லண்டனுக்கு வந்தாலும் தேம்ஸ் கரையில் அரச கோட்டை உள்ள வின்ட்சருக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டியிருக்கிறது. நான் பலமுறை உறவினர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். முதல் முறை செவ்வாய்க்கிழமை போனோம்; கோட்டைக் கதவு மூடியிருந்தது. இரண்டாம் முறை ஞாயிற்றுக்கிழமை போனோம். கோட்டை திறந்திருந்தது, ஆனால் எலிசபெத் ராணியின் கல்லறையைப் பார்க்கவென்றே வந்த அம்மாவுக்கு அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நண்பர்கள் பலரும் இதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்தேன். எந்த இடத்தை எதற்குப் பின் பார்ப்பது என்ற வரிசை சரியாக அமைந்தால், வின்ட்சரோடு மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனம் பிறந்த ரன்னிமீட் புல்வெளியையும் பார்க்க ஒரு நாளே போதும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள்

வானிலையைப் பார்த்து நாள் குறிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இங்கே கிழமைதான் முக்கியம். கோட்டை வழக்கமாகச் செவ்வாய், புதன் இரண்டு நாளும் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோட்டை உண்டு, ஆனால் அதற்குள் எலிசபெத் ராணியின் கல்லறை இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். வழிபாட்டுக்கு வருபவர்கள் மட்டும் போகலாம்.

எஞ்சியிருப்பவை திங்கள், வியாழன், வெள்ளி, சனி. இவற்றில் நான் வியாழனையே பரிந்துரைப்பேன். சனிக்கிழமைக் கூட்டம் வயதானவர்களுக்குத் தாங்காது. ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் கார்ட்டர் என்ற உயரிய அரச வீரப் பட்டம் பெற்றவர்களின் விழா ஊர்வலம் நடக்கும். அன்று வழக்கமான பார்வை நேரம் இருக்காது. இது அரசர் உண்மையாகவே வந்து தங்கும் வீடு என்பதால், வேறு நாட்களிலும் திடீரென்று சில பகுதிகளை மூடுவதுண்டு. டிக்கெட் வாங்கும் முன் கோட்டையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

2. முந்தைய நாள் முடிக்க வேண்டியவை

டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். அன்றன்று வாங்கினால் விலை கூடுதல்; முன்பதிவு நேரங்கள் நிரம்பிவிட்டால் காத்திருக்கவும் வேண்டும். நாளின் முதல் நேரத்தையே எடுங்கள். காரணத்தை நான்காம் படியில் சொல்கிறேன்.

பெரிய பெட்டிகளைக் கொண்டுவராதீர்கள். வின்ட்சர் ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் இருப்பதால், விமானத்திலிருந்து இறங்கியதும் நேராகப் போய்விடலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். வாசலில் விமான நிலையத்தைப் போலவே சோதனை உண்டு. பயணப் பெட்டியை உள்ளே விடமாட்டார்கள்.

டிக்கெட்டுடன் கையில் ஒரு ஒலி வழிகாட்டிக் கருவி தருவார்கள். அதில் தமிழ் கிடையாது. அதனால் முந்தைய இரவு, சாப்பிட்டு முடித்த பிறகு, யார் கட்டினார்கள், யார் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள், எதைத் தேட வேண்டும் என்று பெரியவர்களிடம் அரை மணி நேரம் கதையாகச் சொல்லிவிடுங்கள். கதை தெரிந்து வந்தவர்கள் அறைக்கு அறை தாங்களாகவே தேடிப் பார்க்கிறார்கள். தெரியாமல் வந்தவர்களுக்கு மூன்றாவது அறையிலேயே கால் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. இந்த வித்தியாசத்தை என் அத்தையிடமே பார்த்தேன்.

செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கோட்டை முழுவதும் சரிவும் கருங்கல் பாவிய தரையும்தான். மழைச்சட்டை கட்டாயம்.

3. இரண்டு ரயில் நிலையங்களில் எது?

வின்ட்சரில் 1849-இல் சில வார இடைவெளியில் இரண்டு நிலையங்கள் திறக்கப்பட்டன. இரண்டும் இன்றும் இயங்குகின்றன. லண்டன் வாட்டர்லூவிலிருந்து வரும் ரயில், ஆற்றங்கரையிலுள்ள ரிவர்சைடு நிலையத்துக்கு நேராக வரும். ஏறத்தாழ ஒரு மணி நேரம். பாடிங்டனிலிருந்தோ எலிசபெத் லைனிலோ வந்தால் ஸ்லாவில் இறங்கி, கிளைப்பாதைச் சிறு ரயிலில் ஆறு நிமிடத்தில் சென்ட்ரல் நிலையத்துக்கு வரலாம்.

வேகம் ஸ்லாவ் வழியில்தான் அதிகம். சென்ட்ரல் நிலையம் கோட்டைக்கு எதிரிலேயே இருக்கிறது. ரிவர்சைடிலிருந்து மேடு ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களை ஸ்லாவ் வழியாகவே அழைத்து வாருங்கள்.

போய்வரும் டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். இந்த வழிகாட்டியின்படி நீங்கள் திரும்புவது வின்ட்சரிலிருந்து அல்ல, எகம் என்ற வேறொரு ஊரிலிருந்து.

4. கோட்டைக்குள்: கூட்டம் போகும் திசையை விட்டு விலகுங்கள்

வெற்றிவீரன் வில்லியம் 11-ஆம் நூற்றாண்டில் மண்ணையும் மரத்தையும் வைத்துத் தொடங்கிய கோட்டை இது. ஆற்றுக்கு மேலே ஒரு சுண்ணாம்புப் பாறை முகட்டில், கீழ் முற்றம், நடு முற்றம், மேல் முற்றம் என்று நீண்டு கிடக்கிறது. நடுவில் மண்மேட்டின் மேல் நிற்பது வட்டக் கோபுரம். அதன் உச்சியில் அரச கொடி பறந்தால் அரசர் உள்ளே இருக்கிறார். பிரிட்டனின் தேசியக் கொடி பறந்தால் இல்லை. உள்ளே நுழைந்ததும் பெரியவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

குறிப்பிட்ட நாட்களில் காலை 11 மணிக்குக் காவலர் மாற்றம் நடக்கும். நுழைந்தவர்களில் பெரும்பாலோர் பத்தரைக்கே அதற்காக இடம் பிடித்து நின்றுவிடுவார்கள். அரச அறைகள் காலியாக இருக்கும் நேரம் அதுதான். முதல் நேர டிக்கெட் எடுக்கச் சொன்னது இதற்காகவே. நேராக மேல் முற்றத்துக்குப் போய் அரச அறைகளைப் பார்த்துவிடுங்கள். காவலர் மாற்றத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று யாராவது கேட்டால் மறுக்க வேண்டாம். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் நிம்மதியாகப் பார்க்க முடியும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மேரி ராணியின் பொம்மை வீடு 1921 முதல் 1924 வரை கட்டப்பட்டது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு; குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், டெல்லியில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டிய அதே ஆள். இதற்குத் தனி வரிசை இருக்கும். வரிசை நீளமாக இருந்தால் நிற்காதீர்கள். அறைகளை முடித்துவிட்டு வந்து பாருங்கள். குழந்தைகள் உடன் வந்தால் மட்டும் முதலில் இதைப் பார்க்கலாம்.

5. அரச அறைகளில் எங்கே நிற்க வேண்டும்

எல்லா அறையிலும் எல்லாப் படத்தையும் பார்க்க முயன்றால் தேவாலயத்துக்கு நேரம் போதாது. நான் மூன்று இடங்களில் நிற்பேன்.

முதலாவது, கிராண்ட் வெஸ்டிபியூல் என்ற முன்கூடம். ஆயுதங்கள் நிறைந்த கண்ணாடிப் பேழைகளுக்கு நடுவே பொன் புலித்தலை ஒன்று இருக்கும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் சிம்மாசனத்திலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டது அது. திப்பு மாண்ட பிறகு அவர் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தார்கள். 1806 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியில் அவர்கள் பெயர் அடிபட்டது நமக்குத் தெரியும். வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்த்திருக்கும் என் மாமா இந்தப் பேழையின் முன் பேச்சற்று நின்றார். கூட்டம் இதைக் கவனிக்காமல், டிரஃபால்கர் போரில் நெல்சனைக் கொன்ற குண்டு எங்கே என்று தேடிக்கொண்டு போய்விடும். அதுவும் இதே கூடத்தில்தான் இருக்கிறது. இந்தப் புலித்தலையை மட்டும் மறந்துவிடாதீர்கள். பிற்பகலில் இதே கதை வேறோர் இடத்தில் தொடரும்.

இரண்டாவது, வாட்டர்லூ அறை. சுவரில் நெப்போலியனைத் தோற்கடித்தவர்களின் படங்கள். எல்லோரும் மேலே பார்ப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள். இந்த அறைக்கென்றே விக்டோரியாவின் காலத்தில் ஆக்ரா சிறைக் கைதிகள் ஒரு பெருங்கம்பளத்தை நெய்து அனுப்பினார்கள்.

மூன்றாவது, புனித ஜார்ஜ் மண்டபம். 1992 நவம்பர் 20 அன்று அரண்மனையின் உள்தேவாலயத்தில் திரைச்சீலை ஒன்று விளக்குச் சூட்டில் பற்றி, தீ நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளைத் தாக்கியது. இந்த மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்தது. இப்போது தலைக்கு மேல் தெரிவது, அதன் பிறகு ஓக் மரத்தில் பழைய முறைப்படி செய்த புதிய கூரை. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1997 நவம்பர் 20 அன்று வேலை முடிந்தது. அந்தச் செலவுக்காகத்தான் பக்கிங்ஹாம் அரண்மனையை 1993 முதல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கூரையில் கார்ட்டர் வீரர்களின் கேடயங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் வெறும் வெள்ளையாக இருப்பவை, பின்னாளில் பட்டம் பறிக்கப்பட்டவர்களுடையவை. தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அரை மணி நேரம் சத்தமில்லாமல் இருப்பார்கள்.

6. பன்னிரண்டு மணிக்குள் தேவாலயம்

கோட்டைப் பயணத்தில் பலருக்கு நாள் கெடுவது இங்கேதான். தேவாலயம் கீழ் முற்றத்தில், வெளியேறும் வாசலுக்கு அருகில் இருக்கிறது. அதனால் எல்லோரும் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மாலை வழிபாட்டுக்காக நாலு மணியளவிலேயே பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

நான்காம் எட்வர்டு 1475-இல் தொடங்கி, எட்டாம் ஹென்றி காலத்தில் 1528-இல் முடிந்த கட்டடம் இது. நுழைந்ததும் விசிறிபோல் விரியும் கல்கூரையை அண்ணாந்து பாருங்கள். பிறகு பாடகர் இருக்கைகள் உள்ள உட்பகுதிக்குப் போங்கள். அங்கே எட்டாம் ஹென்றிக்குப் பெரிய சமாதி இருக்கும் என்று தேடுவார்கள். இருப்பது தரையில் ஒரு கறுப்புப் பளிங்குப் பலகை மட்டும். அதன் அடியில் ஹென்றி, அவர் மனைவி ஜேன் சீமோர், 1649-இல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸ் மூவரும் இருக்கிறார்கள். பலர் அதன் மேல் நடந்து போய்விட்டு, வெளியே வந்து எங்கே என்று கேட்கிறார்கள்.

எலிசபெத் ராணி, கணவர் பிலிப், ராணியின் பெற்றோர் ஆகியோர் பக்கத்திலுள்ள சிறிய ஆறாம் ஜார்ஜ் நினைவறையில் இருக்கிறார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். பெரியவர்களை முன்னால் விடுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. விக்டோரியா ராணியை இங்கே தேட வேண்டாம். அவர் கோட்டைக்கு வெளியே ஃப்ராக்மோரில் தம் கணவருடன் இருக்கிறார்.

வெளியேறும் முன், டிக்கெட்டை ஓராண்டு அனுமதியாக மாற்றித் தருவார்களா என்று பணியாளரிடம் கேளுங்கள். நேரடியாக வாங்கிய டிக்கெட்டுகளுக்கு இந்த வசதி உண்டு. வாசலைத் தாண்டிய பிறகு கேட்டால் பயனில்லை.

7. ஆற்றங்கரையில் சாப்பாடு, பிறகு ஊர்

புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ கட்டிக் கொண்டுவந்திருந்தால் ஆற்றங்கரை அலெக்சாண்ட்ரா தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். அன்னங்கள் கூட்டமாக வரும். கையிலிருப்பதைப் பிடுங்கவும் தயங்காது, குழந்தைகள் பத்திரம்.

ஊருக்குள் கில்டுஹாலை மட்டும் பார்த்தால் போதும். 1689-இல் இதை முடித்தவர் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். கீழ்த்தளத்தில் நடுத்தூண்களின் உச்சியைப் பாருங்கள்: கூரையைத் தொடாமல் ஒரு சிறு இடைவெளி இருக்கும். தூண் வேண்டும் என்று ஊர் மன்றம் அடம்பிடிக்க, தேவையில்லை என்று காட்ட ரென் அப்படி நிறுத்தினார் என்பது ஊர்க்கதை. இன்றைய அரசர் சார்லஸும் கமிலாவும் 2005-இல் திருமணப் பதிவு செய்துகொண்டது இந்தக் கட்டடத்தில்தான். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கோணல் வீட்டை யாரும் காட்டித் தர வேண்டியதில்லை.

லாங் வாக் மரச்சாலையை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கடைசியில் தெரியும் குதிரைச் சிலை பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். போக மட்டும் நாலு கிலோமீட்டருக்கு மேல். பிற்பகலை முழுவதும் அது விழுங்கிவிடும்.

8. பாலம் தாண்டி ஈட்டன்: முக்கால் மணி நேரம்

1824-இல் திறந்த இரும்புப் பாலத்தில் 1970 முதல் வண்டிகள் போவதில்லை. நடுப்பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் கோட்டை முழுவதும் தெரியும். குடும்பப் படத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

அக்கரை ஈட்டன். ஆறாம் ஹென்றி 1440-இல் நிறுவிய பள்ளி கடைவீதியின் கடைசியில் இருக்கிறது. உள்ளே நினைத்தபோது போக முடியாது. குறிப்பிட்ட நாட்களில் முன்பதிவோடு மட்டும். பதிவு இல்லையென்றால் வெளியிலிருந்து பள்ளித் தேவாலயத்தின் உயரத்தைப் பாருங்கள். ஹென்றி திட்டமிட்டதில் பாதிகூட முடியவில்லை. நிற்பது பாடகர் பகுதி மட்டும். அதுவே இவ்வளவு உயரம்.

9. ரன்னிமீட்: மேலிருந்து கீழே

மூன்றரை மணிக்கு வின்ட்சரை விட்டுக் கிளம்புங்கள். கால் வலுவுள்ளவர்கள் தேம்ஸ் கரைப்பாதையில் டாட்செட் வழியாக நடந்தே போகலாம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரியவர்களோடு போனால் டாக்சிதான் சரி.

டாக்சிக்காரரிடம் ரன்னிமீட் புல்வெளி என்று சொல்லாதீர்கள். கூப்பர்ஸ் ஹில் குன்றின் மேலுள்ள விமானப்படை நினைவகம் என்று சொல்லுங்கள். புல்வெளியில் இறங்கினால் செங்குத்தான காட்டுப்பாதையில் ஏற வேண்டும். நினைவகத்துக்கு மூடும் நேரம் உண்டு, புல்வெளிக்குக் கிடையாது. மேலே பார்த்துவிட்டு இறங்கி வருவதே எளிது. மழைக்குப் பிறகு பாதை வழுக்கும். அப்படியானால் டாக்சியை நிறுத்திவைத்து வண்டியிலேயே இறங்குங்கள்.

1953-இல் திறந்த இந்த நினைவகத்தில், இரண்டாம் உலகப் போரில் காணாமல் போய்க் கல்லறையே இல்லாத 20,000-க்கும் மேற்பட்ட விமானப் படையினரின் பெயர்கள் இருக்கின்றன. பெயர்கள் ஆண்டு, படை, பதவி என்ற வரிசையில் இருப்பதால், தெரியாமல் தேடினால் கிடைக்காது. நீங்கள் தேட வேண்டியது 243-ஆம் பலகை. இனாயத்-கான் என்ற பெயர். இவர்தான் நூர் இனாயத் கான். நாஜிகள் பிடித்திருந்த பிரான்சுக்குள் பிரிட்டன் அனுப்பிய முதல் பெண் ரகசிய வானொலித் தகவல் இயக்குநர். காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் திப்பு சுல்தானின் வம்சம். காலையில் பார்த்த புலித்தலையை இப்போது பெரியவர்களுக்கு நினைவூட்டுங்கள். நினைவகக் கோபுரத்தின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் தூரத்தில் அந்தக் கோட்டையே தெரியும்.

இந்தக் குன்றுக்கு நம்மோடு இன்னொரு தொடர்பும் உண்டு. இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவித்த கல்லூரி 1872 முதல் 1906 வரை இங்கேதான் நடந்தது.

10. புல்வெளியில் எதைப் பார்ப்பது

1215 ஜூன் 15 அன்று அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு ஜான் அரசர் இசைந்த இடம் இது. கட்டடம், அருங்காட்சியகம், பத்திரம் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமே. எஞ்சியுள்ள நான்கு 1215 பிரதிகளில் ஒன்றுகூட இங்கே இல்லை. இரண்டு பிரிட்டிஷ் நூலகத்திலும், மற்றவை லிங்கனிலும் சாலிஸ்பரியிலும் இருக்கின்றன. ஜான் கையெழுத்துப் போட்ட மேசை எங்கே என்றும் கேட்பார்கள். அவர் கையெழுத்திடவில்லை, அரச முத்திரைதான் இடப்பட்டது.

இறங்கி வந்ததும் முதலில் கென்னடி நினைவுக்கல். 1965-இல் வைத்தது, சுற்றியுள்ள ஒரு ஏக்கர் அமெரிக்காவுக்கே கொடுக்கப்பட்டது. அடுத்து 1957-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் எழுப்பிய, குவிமாடம் போன்ற மாக்னா கார்ட்டா மண்டபம்.

நேரம் குறைவாக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, ரிட் இன் வாட்டர் என்ற வட்டக் கட்டடத்துக்குப் போங்கள். 2018-இல் கட்டியது. உள்ளே ஒரு குளம். அதன் விளிம்பில் மாக்னா கார்ட்டாவின் 39-ஆம் பிரிவு தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும். சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் எந்தச் சுதந்திர மனிதனையும் பிடிக்கவோ சிறையிடவோ கூடாது என்பது அதன் சாரம். எழுத்தை நேராகப் படிக்க முடியாது, தண்ணீரில் விழும் பிம்பத்தில்தான் படிக்க வேண்டும். தண்ணீரில் கை வைக்காதீர்கள். அலை அடங்கப் பல நிமிடம் ஆகும், பின்னால் வருபவர்கள் காத்து நிற்பார்கள்.

வரைபடத்தில் பக்கத்திலேயே ஆங்கர்விக் யூ மரம் என்று தெரியும். 2,500 ஆண்டு வயதிருக்கலாம் என்று மதிப்பிடப்படும் மரம். ஆனால் அது அக்கரையில் இருக்கிறது, நடந்து கடக்க அங்கே பாலம் கிடையாது. அதற்கு ரேஸ்பரி நிலையம் வழியாக வேறொரு நாள் போங்கள்.

11. திரும்புதல்

புல்வெளியிலிருந்து எகம் ரயில் நிலையம் அரை மணி நேர நடை, பெரும்பாலும் சமதரை. அங்கிருந்து வாட்டர்லூவுக்கு நேரடி ரயில் உண்டு. நடைமேடை எண்ணை அங்கேயுள்ள பலகையில் சரிபாருங்கள். எதிர்த்திசை ரயில் ரீடிங்குக்குப் போகும். ஸ்லாவ் பக்கம் வீடு என்றால் புல்வெளிச் சாலையிலிருந்து டாக்சியில் வின்ட்சர் சென்ட்ரலுக்கே திரும்பிவிடுங்கள். மாலையில் அந்தச் சாலையில் டாக்சி தானாகக் கிடைக்காது. வின்ட்சரிலிருந்து அழைத்து வந்த டாக்சிக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, புல்வெளிக்கு இறங்கும் முன்பே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.